பார்ட்ஸ் அக்காவின் கேள்வி

பெரகலைச் சந்தியில் ஒரு ஹெட்லைட் பல்பு வாங்கப் போய், வாங்காமல் திரும்பிய நாளில்தான் அவரை முதன்முதலில் பார்த்தேன்.

இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் குடும்பநல உத்தியோகத்தராக நான் வந்து சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தோட்டத்துச் சனங்களுக்கு நான் மிஸ்ஸி. லயம் லயமாக, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போய்க் கர்ப்பிணிகளையும் பிறந்த பிள்ளைகளையும் பார்ப்பது என் வேலை. மலைப் பாதையில் ஏறி இறங்க ஒரு பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிள் வைத்திருந்தேன். அதன் முன்விளக்கு எரியவில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு கதவு அகலமே இருந்த உதிரிப்பாகக் கடை. உள்ளே பிரேக் கேபிள்களும் டியூப்களும் தோரணம்போலத் தொங்க, நடுவில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்த என்னைவிட நாலைந்து வயது குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் அறுபது வயது டிராக்டர்காரர்கூட அவரை "பார்ட்ஸ் அக்கா" என்றுதான் கூப்பிட்டார். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"பல்பு போயிருச்சுன்னு எப்படித் தெரியும் மிஸ்ஸி?"

"எரியலயே."

"கழட்டிப் பாத்தீங்களா, இல்ல நெனச்சீங்களா?"

நினைத்தேன்தான். அக்கா ஒரு ஸ்குரூ டிரைவரை என் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார். அவர் வண்டியைத் தொடவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "அந்த ஸ்குரூவ இளக்குங்க, மெதுவா, கண்ணாடிய விட்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திறந்து பார்த்தால் பல்பு சரியாகத்தான் இருந்தது. பின்னால் ஒரு வயர் கழன்றிருந்தது. மாட்டியதும் பளிச்சென்று எரிந்தது.

"பல்பு வேணாம்ல?" என்றார். வந்த வியாபாரம் கைநழுவிப் போனதில் அவருக்கு எந்த வருத்தமும் தெரியவில்லை.

அந்தக் கடையில் எது வாங்கப் போனாலும் இதுதான். கிளட்ச் கேபிள் கேட்டால் பழைய கேபிளைக் காட்ட வேண்டும். பற்றரி கேட்டால், சாவியைத் திருப்பும்போது ஹார்ன் எப்படி ஒலித்தது, சத்தமாகவா, இழுத்தாற்போலவா என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் வந்தவர்களுக்குக் கோபம் வரும். ஒருமுறை கோயில் கமிட்டித் தலைவர் ஒருவர், "நீ விக்கிறவளா, விசாரணை பண்றவளா?" என்று கத்தினார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "வேணும்னா தாரேங்கையா. மாட்டின பெறகும் ஓடலன்னா எங்கிட்டதான் வருவீங்க. அப்ப இன்னும் கோவமா வருவீங்க" என்றார். தலைவர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, போய்ப் பழைய கேபிளைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

அவரும் தவறியிருக்கிறார். அந்த டிராக்டர்காரருக்கு ஒருநாள் வேலை மும்முரத்தில், "ஸ்டார்ட்டர் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டார். ஸ்டார்ட்டர் மாற்றியும் டிராக்டர் கிளம்பவில்லை. கோளாறு வேறு எங்கோ இருந்தது. அடுத்த ஒரு வாரம், கடைக்கு வந்த எல்லாரிடமும், கேட்காதவர்களிடமும்கூட, "நான் பாக்காம சொல்லிட்டேன். நெனச்சுட்டேன்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். டிராக்டர்காரரே வந்து, "போதும் அக்கா, எனக்கே வெக்கமா இருக்கு" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

அவருடைய கணவர் மெக்கானிக்காக இருந்தவர். சந்திக்கு மேலே ஏற்றத்தில் நின்ற ஒரு லொறிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது லொறி பின்னோக்கி உருண்டு இறந்துபோனார். டயருக்குப் பின்னால் கல் வைத்ததாக லொறிக்காரர் சொன்னார். வைக்கவேயில்லை என்று ஊர் சொன்னது. இதை எனக்குச் சொன்னது பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர். சொல்லிவிட்டு, அந்த நேரம் பார்ட்ஸ் கடையில் சிக்னல் லைட் வாங்கிக்கொண்டிருந்த ஒல்லியான மனிதரைக் கண்ணால் காட்டினார். "அந்தாளுதான் மிஸ்ஸி. இன்னமும் இங்கதான் வாரான். அந்தம்மாவும் குடுக்குது."

என்னால் நம்ப முடியவில்லை. அந்த மனிதர் போனபிறகு அக்காவிடம் கேட்டே விட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்லு வச்சேன்னு அவரு சொல்றாரு. வைக்கலன்னு ஊரு சொல்லுது. ஊரு அங்க இல்ல மிஸ்ஸி. நானும் இல்ல."

"அப்ப உங்களுக்குக் கோவமே இல்லையா?"

"இருக்கு. எங்க வீட்டுக்காரரு மேல இருக்கு. அடியில போறதுக்கு முன்னாடி அவரு ஒருக்கா குனிஞ்சு பாத்திருக்கலாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒரு நிமிசம் ஆகுமா அதுக்கு?"

 அன்றிலிருந்து அவர் "பாத்தீங்களா" என்று கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருவது நின்றுபோனது.

அந்த வருட ஐப்பசி மழையில் நான் விழுந்தேன். தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேல் டிவிசனிலிருந்து இறங்கும்போது, இடப் பக்கம் மடங்கித் திரும்பும் ஒரு பெரிய வளைவில் வண்டி சறுக்கியது. இடது கணுக்கால் முறிந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் ஓடிவந்து தூக்கினார்கள். வண்டியை யாரோ தள்ளிக்கொண்டு வந்து என் குவாட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டிலில் நிறுத்தி, மேலே தார்ப்பாயைப் போட்டார்கள். நாலரை மாதம் அது அங்கேயே நின்றது. மழை முடிந்து, பனி முடிந்து, மாசி வெயில் வந்தபோது நான் தடியில்லாமல் நடந்தேன். வேலைக்குத் திரும்பினேன். தார்ப்பாயை இழுத்துவிட்டு வண்டியை உதைத்தேன். கிளம்பவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மேலதிகாரி கேட்டபோது, "வண்டி ஸ்டார்ட் ஆகல மேடம்" என்றேன். கொழும்பில் வேலை செய்யும் என் கணவர் போனில், "வித்துரு, பெறகு பாத்துக்குவோம்" என்றார். கீழ் லயங்களுக்கு நடந்து போனேன். தூரத்துக்கு ஆட்டோ பிடித்தேன். மேல் டிவிசனுக்கு ஆட்டோக்காரர்கள் வரமாட்டார்கள், பாதை அப்படி. அங்கிருந்த கர்ப்பிணிகளைக் கீழே வரச் சொன்னேன். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் இறங்கி வருவதை ஒருநாள் கிளினிக் வாசலில் நின்று பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று பின்னேரம் பஸ் ஏறிப் பெரகலைக்குப் போனேன்.

"புது பிளக் ஒண்ணு தாங்க அக்கா."

"பழசு நெருப்பு குடுக்கலயா?"

"குடுக்கல. கழட்டிப் பாத்தேன்." பொய். எனக்கு பிளக் கழற்றவே தெரியாது.

"சுத்தமா இல்லயா, இல்ல மங்கலா இருந்துச்சா? என்ன நெறம்?"

"மஞ்சள்... இல்ல, செவப்பு மாதிரி..."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. உள்ளே போய் ஒரு பிளக் சாவியை எடுத்து வந்து என் பையில் போட்டார். "இது என்னோடது. வேலை முடிஞ்சதும் கொண்டாங்க. புதுப் பெட்ரோல் ஒரு போத்தல் வாங்கிட்டுப் போங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம, கடை இல்ல. காலையில வண்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுப் போன் பண்ணுங்க."

மறுநாள் காலை கொட்டிலில் விறகுக் கட்டையின் மேல் போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு."

"மீட்டர்ல பாத்தீங்களா, மூடியத் தொறந்து பாத்தீங்களா?"

திறந்தேன். இருந்தது. ஆனால் பெட்ரோல் வாடையே இல்லை, பழைய வார்னிஷ் வாடை. டியூபைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலில் வடிக்கச் சொன்னார். போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தனியாக நின்றது, அதற்குள் துருத் தூள். நாலரை மாத மழையும் பனியும் டாங்கிக்குள் இறங்கியிருந்தது. முழுவதையும் வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்தேன். ஒன்றுமில்லை.

"பரவால்ல. ஒண்ணு முடிஞ்சுச்சு" என்றார் அக்கா. "இப்ப பிளக். அதுக்கு முன்னாடி அந்த வடிச்ச போத்தல தூரமா கொண்டு வச்சிட்டு வாங்க."

"வச்சிட்டேன்."

"மிஸ்ஸி. நடந்த சத்தமே கேக்கல."

எழுந்து போய் வேலியோரம் வைத்துவிட்டு வந்தேன். பிளக்கைக் கழற்றி, கறுப்பைத் துடைத்து, அவர் சொன்னபடி இஞ்சினில் ஒட்டிவைத்து உதைத்தேன். சின்னதாக நெருப்பு ஒன்று துள்ளியது. "நீலம்!" என்று கத்தினேன். "நீலம் அக்கா! நல்ல நீலம்!"

"ஆ, அது பாத்தவங்க குரலு" என்றார். "இப்ப நெருப்பு இருக்கு, பெட்ரோல் இருக்கு. காத்து வருதான்னு பாருங்க. சீட்டுக்குக் கீழ பக்கத்துல ஒரு பெட்டி இருக்கும், தொறங்க."

காற்று வடிகட்டும் பெட்டி அது. மூடியைத் திறந்ததும் அலறிப் பின்னால் போய்விட்டேன். உள்ளே முழுக்கப் பஞ்சு. என் கிளினிக் பையிலிருந்து போன பஞ்சுதான். அதன் நடுவில் கண் திறக்காத எலிக் குஞ்சுகள், ரோஜா நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன.

"என்னாச்சு?"

"எலி பிரசவிச்சிருக்கு அக்கா!"

அந்தப் பக்கம் அக்கா வெடித்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. "சரியான எடந்தான் பாத்திருக்கு, மிஸ்ஸி வீடுன்னு. எத்தன?"

"ஏழு... எட்டு."

"பாத்து எண்ணுங்க."

எண்ணினேன். எட்டுதான். பஞ்சோடு அள்ளி ஒரு சவர்க்காரப் பெட்டியில் வைத்து விறகுக்குப் பின்னால் மறைவாக விட்டேன். வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்து பொருத்தினேன். கடைசியாகக் கார்புரேட்டரின் அடியில் இருந்த சின்ன ஸ்குரூவை இளக்கச் சொன்னார். பழைய பெட்ரோல் பாகுபோல மஞ்சளாக வழிந்தது. சுத்தமாக வரும்வரை விட்டு, இறுக்கி, சோக்கை இழுத்து உதைத்தேன். நாலாவது உதையில் வண்டி இருமியது. ஒன்பதாவதில் கிளம்பியது. கொட்டில் முழுக்கப் புகை. அதற்குள் நின்று நான் அழுதுகொண்டிருந்தேன்.

"கேக்குது மிஸ்ஸி, கேக்குது" என்றார் அக்கா. பிறகு, "ஏன் அழுவுறீங்க?"

"இனி நான் ஓட்டணுமே."

சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது, ராத்திரி கண்ணை மூடினால் வண்டி சறுக்குகிறது, வண்டி பழுதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றெல்லாம் சொன்னேன். "பயப்படாதீங்க" என்பார் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"பயம் எங்க வருது?" என்று கேட்டார் அக்கா.

"எங்கன்னா?"

"நேர் ரோட்டுல வருதா?"

யோசித்தேன். "இல்ல."

"ஏத்தத்துல?"

"இல்ல. எறக்கத்துல."

"எல்லா எறக்கத்துலயுமா?"

"வளைவு இருந்தா."

"வலப் பக்கம் திரும்புறதா, இடப் பக்கமா?"

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வளைவாகப் பாதையில் போய்ப் பார்த்தேன். "இடப் பக்கம். எறங்கும்போது இடப் பக்கம் மடங்கித் திரும்புற பெரிய வளைவு."

"மேல் டிவிசன் பாதையில அப்படி எத்தன?"

ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவரை எனக்கே தெரியாது. மலை முழுவதும் பயமென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அந்த எடத்துல மட்டும் எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க. மத்த எடத்துல ஓட்டுங்க. வண்டிக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல" என்றார். போனை வைத்துவிட்டார்.

அப்படியே செய்தேன். இரண்டு வாரம், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்த வளைவில் நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்தேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் மேலேயிருந்து சிரித்தார்கள். "மிஸ்ஸி வண்டியக் கைப்புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போறாங்கடி!" மூன்றாவது வாரத்தில் ஒருநாள், எப்படியென்று தெரியவில்லை, கிளினிக் வாசலில் வந்து நின்றபோதுதான் அன்று நான் இறங்கித் தள்ளவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிந்திய மாதத்தில் நடந்ததைத்தான் நான் இன்றும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

மேல் டிவிசனில் கடைசி லயத்தில் ஒரு பெண்ணுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. தலைப் பிரசவம். கீழே கிளினிக்குக்கு அவள் வரவில்லை. நான் ஏறிப் போனேன். இரத்த அழுத்தம் பார்த்தேன், எடை பார்த்தேன், வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"புள்ள அசையுதா?"

"அசையுதுங்க மிஸ்ஸி."

அட்டையில் எழுதப் பேனாவை எடுத்தேன். வருடக்கணக்காக அந்த இடத்தில் அப்படித்தான் எழுதிவந்திருக்கிறேன். அன்று பேனா நின்றது.

"இன்னைக்கு அசஞ்சதா? நீ பாத்தியா, இல்ல நெனக்கிறியா?"

அவள் வயிற்றில் கை வைத்தாள். முகம் மெல்ல மாறியது. "நேத்துக் காலையில... தண்ணி புடிக்கப் போகையில ஒதச்சிச்சு. அதுக்குப் பெறகு..." என்று நிறுத்திவிட்டாள். "தூங்குதுன்னு நெனச்சேங்க மிஸ்ஸி."

கருவியை வைத்துக் கேட்டேன். துடிப்பு இருந்தது. ஆனால் மெதுவாக, விட்டுவிட்டு. ஆம்புலன்சுக்குச் சொன்னேன். அது மேலே ஏறாது. அவளுடைய கணவனும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் முன்னால் போய்ச் சாலையில் ஆம்புலன்சை மறித்து நிறுத்தினேன். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை. பெண் குழந்தை. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. எடை குறைவு. முதலில் அழவில்லை, பிறகு அழுதது.

மறுநாளே பெரகலைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். "நீங்க கேக்குற கேள்விதான் அக்கா. அதக் கேக்காம இருந்திருந்தா அந்தப் புள்ள இல்ல."

"அப்படின்னு டாக்டர் சொன்னாரா?" என்றார் அக்கா.

"சொன்னார். இன்னும் அரை நாள் போயிருந்தா முடியாதுன்னு சொன்னார். என் காதால கேட்டேன்."

அக்கா பின்பக்கம் திரும்பித் தொங்கிய கேபிள்களைச் சரிசெய்தார். சரியாகத் தொங்கிய கேபிள்கள்தான். வெகு நேரம் சரிசெய்தார்.

குழந்தையோடு அவர்கள் வீட்டுக்கு வந்தபிறகு, அன்று நான் கேட்ட கேள்வி யாருடையது என்று சொன்னேன். அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். "மிஸ்ஸி, அந்தக் கடை அக்கா பேரு என்னங்க? புள்ளைக்கு வைக்கணும்."

எனக்குத் தெரியாது. அத்தனை நாள் பழகியும் கேட்டதில்லை. பஸ் நிறுத்தத்தில் விசாரித்தேன். தேநீர்க் கடைக்காரருக்குத் தெரியவில்லை, டிராக்டர்காரருக்கும் தெரியவில்லை. அக்காவிடமே போனேன். விஷயத்தைச் சொன்னதும், "எதுக்கு மிஸ்ஸி அந்தப் பழைய பேரெல்லாம், புதுசா ஏதாவது வைக்கச் சொல்லுங்க" என்று மழுப்பினார். நான் விடவில்லை. கடைசியில் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். வாயால் சொல்லவில்லை. "எங்கம்மா வச்சது. அவங்க போனதுக்கப்பறம் யாரும் கூப்பிட்டதில்ல" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குப் பிடிக்காது.

அக்கா இப்போது பெரகலையில் இல்லை. படிப்பை முடித்த ஒரே மகளுக்கு வவுனியாவில் வேலை கிடைத்ததும் கடையைக் கொடுத்துவிட்டு அவளோடு போய்விட்டார். போகிற அன்று சந்தியில் நிறைய வண்டிகள் நின்றன. அந்த ஒல்லியான லொறிக்காரர்தான் சாமான்களை ஏற்றினார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் கல் வைத்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா குனிந்து நாலையும் பார்த்துவிட்டு, "சரிங்கண்ணே" என்றார்.

போன மாதம் மேல் டிவிசனுக்குப் போயிருந்தபோது அக்காவுக்குப் போன் எடுத்தேன். அங்கே சூடு தாங்கவில்லை, மலையின் குளிர் இல்லாமல் தூக்கம் வருவதில்லை என்று பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பின்னால் லயத்து வாசலில், நாலு வயதான அந்தச் சிறுமி எதையோ செய்துவிட்டாள் போலிருக்கிறது, அவளுடைய அம்மா அடிவயிற்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி, நீட்டி, லயமே அதிரக் கத்தினாள்.

போனில் பேச்சு நின்றது.

பிறகு, மிக மெதுவாக, அதுவரை நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், அக்கா சொன்னார்:

"இந்தா வாரேம்மா."